பழைய மிதிவண்டியும் புதிய சக்கரமும்

தமிழ்ச் சங்கத்தின் மலர் என்றால் சிலம்பும் குறளும் கம்பனும் மணக்க வேண்டும் என்பது நாம் அறிந்த மரபு. அம்மரபுக்கு நடுவே, துருவும் கிரீசும் படிந்த மிதிவண்டி ஒன்றை உருட்டிக்கொண்டு நுழைவது முறையா என்று அன்பர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால், தலைநகருக்குப் பிழைப்புத் தேடி வந்த தமிழ்க் குடும்பங்களின் கதையை யாரேனும் முழுமையாக எழுத முற்பட்டால், அதில் மிதிவண்டிக்கு ஓர் இயலேனும் ஒதுக்கியாக வேண்டும். கரோல்பாகிலும் சரோஜினி நகரிலும் இராமகிருஷ்ணபுரத்திலும் குடியேறிய முதல் தலைமுறை எழுத்தர்கள் பலர் அலுவலகம் சென்றது அதன்மேல்தான். பிள்ளைகளை முன்பாரில் அமர்த்திப் பள்ளியில் விட்டதும், ஞாயிறுதோறும் பைநிறையக் காய்கறி கொண்டுவந்ததும், மலை மந்திருக்குச் சென்று முருகனைக் கண்டு திரும்பியதும் அதன்மேல்தான். ஆகவே, பழைய மிதிவண்டியைப் பிரித்துப் பழுதுபார்த்து, இக்காலத்துக்கு ஏற்றதாக மீண்டும் கட்டிய எங்கள் அனுபவத்தை இங்கே எடுத்துரைப்பது முற்றிலும் பொருந்தாத செயல் ஆகாது என்று துணிகிறோம்.

எங்கள் தந்தையார் தஞ்சை மாவட்டத்திலிருந்து கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறித் தில்லியில் இறங்கியது 1974-ல். கீழ்நிலை எழுத்தர் பணி. அந்நாளில் மைய அரசு ஊழியர்க்கு மிதிவண்டி வாங்க முன்பணம் கொடுப்பார்கள். மாதத் தவணையாக ஊதியத்தில் பிடித்துக்கொள்வார்கள். ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரையை ஒட்டி வட்டியில்லா முன்பணங்கள் பலவும் 2016-ல் நீக்கப்பட்டபோது, அந்த முன்பணமும் மறைந்தது. அதைப் பெற்று அவர் வாங்கியது கருநிற அட்லஸ் வண்டி. அந்நிறுவனம் 1951-ல் தில்லிக்கு அருகே சோனிபத்தில் தொடங்கியது. 1949-ல் சென்னையில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ், 1956-ல் லூதியானாவில் பிறந்த ஹீரோ ஆகியவையும் ஏறக்குறைய அதே உருவத்தில்தான் வெளிவந்தன. பெயர்ப்பட்டையைச் சுரண்டிவிட்டால் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிவது கடினம். ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் பொருந்தும் என்பதே அவ்வண்டிகளின் பெரும் சிறப்பு.

அவ்வண்டியின் அமைப்பை ஒருமுறை உற்று நோக்குவோம். 22 அங்குல எஃகுச் சட்டம். 28 அங்குலச் சக்கரம். அதன் ரிம்மின் அளவு 635 மில்லிமீட்டர். முன்சக்கரத்தில் 32 ஆரக்கம்பிகள், பின்சக்கரத்தில் 40. பெடலோடு சுழலும் பெரிய பல்சக்கரத்தில் 44 பற்கள், பின்னே ஃப்ரீவீலில் 18. பிரேக்கோ கம்பிவடம் இல்லாத தடிப் பிரேக். கைப்பிடியை அழுத்தினால் இரும்புத் தடி மேலெழும்பி, ரப்பர்க் கட்டையை ரிம்மின் உட்புறத்தில் அழுத்தும். எடை ஏறக்குறைய 20 கிலோகிராம். நெல்மூட்டையும் பால்கேனும் சுமந்து, மண்சாலையில் குலுங்கி, ஊர்த் தச்சரின் சுத்தியலாலேயே நிமிர்த்தப்பட வேண்டிய வண்டி அது. விரைவு அதன் நோக்கமன்று. ஒடியாமல் இருப்பதே நோக்கம்.

தந்தையார் பணியில் இருந்தவரை அதை விட்டு இறங்கவில்லை. அவர் மறைந்த பின் வண்டி எங்கள் குடியிருப்பின் பின்கட்டில் சாய்ந்து நின்றது. 2018-ல் தென்தில்லியின் பழைய அரசுக் குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடிகள் எழுப்பும் பணி தொடங்கி, மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து மக்கள் திரண்ட அந்த ஆண்டில், நாங்களும் வீட்டைக் காலி செய்து இராமகிருஷ்ணபுரத்துக்கு மாறினோம். பழம்பொருள் வாங்கும் கபாடிக்காரர் வந்து அட்லஸைத் தூக்கிப் பார்த்து, எடைக்கு இவ்வளவு என்றார். எங்கள் தாயார் ஒன்றும் பேசவில்லை. எழுந்து சென்று, வண்டியின் இருக்கையில் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தார். வண்டி எங்களோடு புதிய வீட்டுக்கு வந்தது.

அதற்குத் தேவை வந்தது 2020-ல். பெருந்தொற்றால் மூடப்பட்ட அலுவலகங்கள் மீண்டும் திறந்தன. ஆனால் மார்ச் 22 அன்று நின்ற மெட்ரோ ரயில் செப்டம்பர் 7 வரை ஓடவில்லை. பேருந்தில் இருபது பேருக்குமேல் ஏற்றவில்லை. எழுத்தர்கள் எவ்வாறு அலுவலகம் சேர்வது? வீட்டிலிருந்து அலுவலகம் எட்டு, ஒன்பது கிலோமீட்டர்தான். மிதிவண்டியே வழி என்று தோன்றியது. சூன் 3 உலக மிதிவண்டி நாள். 2018 முதல் ஐக்கிய நாடுகள் அவை அறிவித்த நாள். 2020-ஆம் ஆண்டின் அதே நாளில், சாகிபாபாதிலிருந்த அட்லஸ் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தி, தொழிலாளர்க்கு வேலையில்லை என்று அறிவிப்பு ஒட்டியது. அச்செய்தியைத் தமிழில் படித்துச் சொன்னபோது எங்கள் தாயார், "இனிமே இந்த வண்டி புதுசா கிடைக்காதுன்னு சொல்லு" என்றார். அன்று மாலையே அதைப் பின்கட்டிலிருந்து இறக்கினோம்.

எங்கள் பகுதிச் சந்தையின் ஓரத்தில் வேப்பமரத்தடியில் ஒரு மிஸ்திரி கடை வைத்திருக்கிறார். கடை என்பது ஒரு மரப்பெட்டி, ஒரு காற்றடிக்கும் பம்பு, தண்ணீர்த் தொட்டி, மரத்தில் தொங்கும் பழைய டயர்கள். பீகாரிலிருந்து இளவயதில் தில்லி வந்தவர். எங்கள் இந்தியில் தமிழும் அவர் இந்தியில் மைதிலியும் கலந்திருந்தமையால், இருவரும் ஒருவரையொருவர் எளிதாகப் புரிந்துகொண்டோம்! அவர் வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றிக் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு சொன்ன முறை எங்கள் நினைவில் நிலைத்துவிட்டது. "பாபுஜி, முதலில் சுழல்வதைப் பாருங்கள், பிறகு நிற்பதைப் பாருங்கள், அதன்பின் ஓடுவதைப் பாருங்கள். அழகை எல்லாவற்றுக்கும் பிறகு பார்க்கலாம்."

சுழல்வது என்றால் பால்ரஸ் குண்டுகள். நம் ஊர்க் கடைகளில் 'ஓவராயில்' என்று வழங்கும் முழுப்பிரிப்பு அதிலேதான் தொடங்கும். பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பதாகக் கால் அங்குல எஃகுக் குண்டுகள் உண்டு. பழைய கிரீசு காய்ந்து களிம்பாகி, குண்டுகள் சில பள்ளம் விழுந்திருந்தன. குண்டுகள் விலை மலிவு. அவற்றைத் தாங்கும் கோன் தேய்ந்துவிட்டால் அதையும் மாற்ற வேண்டும். மண்ணெண்ணெயில் கழுவி, புதிய குண்டுகளைக் கிரீசில் பதித்து, கோனை இறுக்குவதில்தான் கைத்திறன் இருக்கிறது. மிக இறுக்கினால் சக்கரம் முனகும், தளர்த்தினால் ஆடும். இரண்டுக்கும் இடையே மயிரிழை அளவு உள்ளது சரியான நிலை. பெடல் தண்டை அச்சோடு பிணைக்கும் கொட்டர் பின்களும் தேய்ந்திருந்தன. ஒவ்வொரு மிதிக்கும் 'டக், டக்' என்ற ஒலி வருவது அதனால்தான். இரு பின்களையும் ஒரே சாய்வில் அராவி, எதிரெதிர்த் திசையிலிருந்து செலுத்தினால்தான் இரு பெடல்களும் ஒரே நேர்கோட்டில் நிற்கும்.

அடுத்தது நிற்பது. இங்கேதான் எங்கள் வீட்டில் பிணக்கு எழுந்தது. தடிப் பிரேக்கும் முலாம் பூசிய எஃகு ரிம்மும் வெயிலில் ஒருவாறு பிடிக்கும். மழையில் நனைந்தாலோ ரப்பர் வழுக்கிக்கொண்டே போகும். 1970-களின் தில்லிச் சாலையில் அது போதுமானதாக இருந்திருக்கலாம். இன்று ரிங் ரோட்டில் கார்களுக்கும் பேருந்துகளுக்கும் இடையே அதை நம்பிச் செல்ல இயலாது. அலுமினிய ரிம் ஈரத்திலும் மேலாகப் பிடிக்கும் என்பது தெரிந்ததே. ஆனால், பக்கவாட்டில் அழுத்தும் காலிபர் பிரேக்குக்குத் தட்டையான பக்கச்சுவர் உள்ள ரிம் வேண்டும். பழைய ரிம்மோ விளிம்பு உருண்டது. ஆகவே பிரேக்கை மாற்றினால் ரிம்மை மாற்ற வேண்டும். ரிம்மை மாற்றினால் கம்பிகளையும் டயரையும் மாற்ற வேண்டும். முன்ஃபோர்க்கில் பிரேக்கைப் பூட்டத் துளையும் வேண்டும். ஒன்றைத் தொட்டால் நான்கு அசையும். மிதிவண்டியை மேம்படுத்த எண்ணுவோர் முதலில் உணர வேண்டியது இதுவே. தனியே ஓர் உறுப்பு என்று அதில் எதுவும் இல்லை.

"அந்தக் கைப்பிடியும் தடியும் போயிட்டா அப்புறம் அது அப்பா வண்டியா?" என்று தாயார் கேட்டார். பகுத்தறிவால் விடையளிக்கத்தக்க கேள்வியன்று அது. அந்தக் கைப்பிடியில் தந்தையாரின் உள்ளங்கை முலாத்தைத் தேய்த்த இடங்கள் இரண்டு இருந்தன. ஒரு வாரம் வண்டி பிரித்தபடியே கிடந்தது. முடிவில் மிஸ்திரியே வழி சொன்னார். வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்கு உரியது. பிரேக் பிடிக்கும்போது உடலின் பாரம் முன்னே சாய்வதால் முன்டயர் தரையை அழுந்தப் பற்றுகிறது, பின்டயர் இலேசாகிறது. ஆகையால் முன்சக்கரத்தை மட்டும் புதிதாக்கி, பின்சக்கரத்தைத் தடிப் பிரேக்கோடு அப்படியே விட்டுவிடலாம் என்றார். கைப்பிடி மாறவில்லை, அதன் வலப்புறத்தில் கம்பிவடத்துக்கான சிறிய நெம்புகோல் ஒன்று சேர்ந்தது.

ஜண்டேவாலான் சைக்கிள் சந்தையில் அரைநாள் அலைந்து, அலுமினிய ரிம்மும் துளையுள்ள ஃபோர்க்கும் வாங்கினோம். இக்காலத்தில் பரவலாகக் கிடைக்கும் 700 சி ரிம்மின் அளவு 622 மில்லிமீட்டர். பழையதைவிட விட்டத்தில் 13 மில்லிமீட்டர் குறைவு. அதனால் பிரேக் கட்டை ஆறரை மில்லிமீட்டர் கூடுதலாகக் கீழிறங்க வேண்டும். கை நீண்ட காலிபராகப் பார்த்து எடுத்தோம். ஹப்பின் துளைகளும் ரிம்மின் துளைகளும் எண்ணிக்கையில் ஒத்திருக்க வேண்டும் என்பதால், புதிய ரிம்மோடு 36 துளை ஹப்பும் வந்தது. சந்தையில் இதையெல்லாம் கேட்டபோது கடைக்காரர், "இந்தச் செலவுக்குப் புதிய வண்டியே வாங்கலாமே, பாய் சாகிப்" என்றார். கணக்குப் போட்டால் அவர் சொன்னது பெருமளவு உண்மைதான். கணக்கு எழுதியே பிழைப்பவர்கள் நாங்கள். ஆயினும் அக்கணக்கை எழுதாமல் விட்டோம்.

மூன்றாவது ஓடுவது. 44 பல்லும் 18 பல்லும் சேர்ந்தால் பெடலை ஒருமுறை சுழற்றும்போது வண்டி ஏறக்குறைய 5.4 மீட்டர் நகரும். சமவெளியில் இளைஞருக்கு அது ஏற்றது. நாற்பதைக் கடந்து, நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து கோப்பு பார்க்கும் எழுத்தருக்கு, மேம்பாலம் ஒவ்வொன்றும் மலையாகும். பின்னே 18-க்கு மாற்றாக 20 பல் ஃப்ரீவீல் பூட்டினால் ஒரு சுழற்சிக்கு 4.9 மீட்டர், மிதிக்கும் பாரம் பத்தில் ஒரு பங்கு குறையும். மிகச் சிறிய செலவில் பெரும் பயன் தருவது இம்மாற்றமே. செயினில் ஒரு கண்ணி மட்டும் கூட்ட வேண்டியிருந்தது. செயின் தேய்வைச் சாதாரண அடிக்கோலாலேயே அறியலாம்: பன்னிரண்டு முழுக் கண்ணிகள் சரியாக 12 அங்குலம் அளக்க வேண்டும். பன்னிரண்டுக்குமேல் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயினை மாற்றுக. எட்டில் ஒரு பங்கு நீளும்வரை விட்டுவைத்தால் அது பல்சக்கரங்களையும் தின்றிருக்கும்.

எங்கள் வண்டி இவ்வாறு புத்துயிர் பெற்றதைக் கண்ட அலுவலக நண்பர் ஒருவர், மகன் பொறியியல் படிக்க வெளியூர் சென்றபின் வீட்டில் முடங்கிக் கிடந்த கியர் வண்டியைக் கொணர்ந்தார். நண்பருக்குச் சர்க்கரை நோய் தொடங்கியிருந்தது. உடலுழைப்பு வேண்டும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். 26 அங்குலச் சக்கரம், முரட்டு டயர், முன்னே குதிக்கும் ஷாக் ஃபோர்க்கு, முன் மூன்றும் பின் ஆறுமாகப் பதினெட்டுக் கியர். இவ்வகை வண்டிகள் மலைப்பாதைக்கு என்று விற்கப்படுகின்றன; பெரும்பாலும் ஓடுவதோ தார்ச்சாலையில். மலிவான ஷாக் ஃபோர்க்கு எடையைக் கூட்டி, எழுந்து மிதிக்கும் ஆற்றலை மேலும் கீழுமாக ஆடியே விழுங்கிவிடும். அதை நீக்கி, அதே உயரமுள்ள விறைப்பான ஃபோர்க்கைப் பூட்டினோம். உயரம் குறைந்த ஃபோர்க்கைப் பூட்டினால் வண்டியின் முகம் தாழ்ந்து, திசை நிலையாக நிற்காது. முரட்டு டயருக்கு மாற்றாக ஒன்றரை அங்குல வழவழப்பான டயர் ஏறியது. அந்த ஒரே நாளில் நண்பர், "சார், யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோல் இருக்கிறது" என்றார்.

நெடும்பயணத்துக்கு என்றதும் அவ்வண்டியின் பின்சக்கரத்தையே புதிதாகக் கட்டினோம். திருகிப் பூட்டும் பழைய பாணி ஃப்ரீவீல் ஹப்பில், வலப்புறக் குண்டுகள் பல்சக்கரங்களுக்கு உட்புறமாக அமைவதால், அச்சின் ஒரு நீளம் தாங்குவாரின்றி நிற்கும். பாரம் ஏறினால் அங்கேதான் அச்சு வளையும், ஒடியும். கேசட் வகை ஹப்பில் குண்டுகள் ஓரத்துக்கு நகர்ந்துவிடுவதால் அக்குறை நீங்குகிறது. 36 கம்பிகளை ஒன்றன்மேல் ஒன்று மும்முறை குறுக்கிடுமாறு கோத்தார் மிஸ்திரி. கோட்டம் எடுக்கும் கலையை நாங்கள் அருகிருந்து கற்றது அப்போதுதான். ஆரக்கம்பி தூணைப்போல் சுமையைத் தாங்குகிறது என்று பலர் எண்ணுகிறோம். உண்மையில் எல்லாக் கம்பிகளும் முன்னதாகவே இறுக இழுக்கப்பட்டு நிற்கின்றன. நாம் ஏறி அமரும்போது தரையருகே உள்ள கம்பிகளின் இழுப்புச் சற்றுக் குறைகிறது, அவ்வளவே. எந்தக் கம்பியும் முற்றிலும் தளராதவரை சக்கரம் உறுதியாக நிற்கும். தளர்ந்து தளர்ந்து இறுகும் கம்பியே விரைவில் ஒடியும். மிஸ்திரி ஒவ்வொரு கம்பியையும் விரலால் மீட்டி, சுருதி குறைந்ததைத் திருகினார். வீணைக்குச் சுருதி சேர்ப்பதைக் கண்டவர்க்கு இது புதிதன்று.

அலுவலகப் பயணம் பழக்கமாயிற்று. மூன்றாம் நண்பர் ஒருவரும் சேர்ந்தார். சாந்திபத்தின் மரநிழலில் காலை வேளையில் மூவரும் செல்வது உண்மையிலேயே இன்பம். மே மாத வெயிலிலும், நவம்பரில் காற்று நஞ்சாகும் நாள்களிலும் மெட்ரோவில் ஏறிவிடுவோம். பிடிவாதம் உடலுக்கு நல்லதன்று.

2021 திசம்பரில் ஒருநாள் மாலை, மூடுபனியில், மூன்றாம் நண்பரைப் பின்னால் வந்த கார் ஒன்று தட்டிவிட்டு நில்லாமல் சென்றது. காறையெலும்பு முறிந்தது. ஆறு வாரம் கை தூளியில் தொங்கியது. அவர் துணைவியார் எங்கள் இல்லத்துக்கு வந்து, அழுகையை அடக்கிக்கொண்டு, "இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு இந்த விளையாட்டு தேவைதானா, சொல்லுங்கள் அண்ணா" என்று கேட்டார். எங்களால் உடனே விடை சொல்ல இயலவில்லை. உடல்நலம், சிக்கனம், சுற்றுச்சூழல் என்று நாங்கள் அடுக்கிவந்த பயன்கள் எல்லாம் அக்கேள்வியின் முன் சொற்களாகவே நின்றன. குடும்பத்தலைவன் தன் உயிரைத் தனக்கு மட்டும் உரியதாகக் கருத முடியாது என்பது உண்மை. மிதிவண்டிக்கென்று தனிப்பாதை எங்கும் தொடர்ச்சியாக இல்லாத நகரில், பெரிய வண்டிகளின் தயவிலேயே செல்ல வேண்டியிருக்கிறது என்பதும் உண்மை.

இரண்டு மாதம் வண்டிகள் நின்றன. மீண்டும் அவற்றை வெளியே எடுக்கச் செய்தவர் எங்கள் துணைவியார். அவர் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்தவர். 1990-களின் தொடக்கத்தில் அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால் ஆயிரமாயிரம் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றதை நம்மில் பலர் படித்திருப்போம். எங்கள் மாமியார் அவர்களுள் ஒருவர். துணைவியார் அந்தச் சகோதரியிடம் சொன்னது இதுதான்: "எங்க அம்மா சைக்கிள் கத்துக்கிட்டப்ப ஊரே சிரிச்சுது. ரெண்டு தடவை விழுந்து முட்டி உடைஞ்சுது. ஆனா அதுக்கப்புறம் தண்ணிக்கும் சந்தைக்கும் யாரையும் எதிர்பார்த்து நிக்கலை. பயம் இருக்கட்டும். பயந்தவங்க செய்யுற ஏற்பாட்டை எல்லாம் செஞ்சுட்டுப் போகட்டும்." 

அவ்வாறே ஏற்பாடுகள் செய்தோம். தந்தையாரின் டைனமோ விளக்கு, சக்கரம் நின்றால் தானும் அணைந்துவிடும். சந்திப்பில் காத்து நிற்கையில்தான் வெளிச்சம் மிகத் தேவை. ஆகவே மின்னேற்றம் செய்யும் எல்.இ.டி. விளக்குகள் முன்னும் பின்னும் ஏறின. மட்கார்டில் வெண்பட்டை, டயரின் பக்கங்களில் ஒளி எதிரொளிக்கும் பட்டை, வலக்கைப்பிடியில் சிறு கண்ணாடி, தலைக்கவசம், மஞ்சள் மேற்சட்டை ஆகியவையும் சேர்ந்தன. மூடுபனி நாளில் வண்டி எடுப்பதில்லை என்று மூவரும் உறுதி கொண்டோம். நண்பரின் துணைவியார் முழுதும் உடன்பட்டார் என்று சொல்வதற்கில்லை. இன்றும் நண்பர் அலுவலகம் சேர்ந்ததும் முதல் வேலையாக வீட்டுக்குத் தொலைபேசியில் ஒரு சொல் சொல்லிவிடுகிறார். அந்த அச்சத்துக்கு நாங்கள் தலைவணங்குகிறோம். அதை வெல்ல முயலவில்லை.

2023 பிப்ரவரியில் பிருந்தாவனம் செல்ல முடிவு செய்தோம். மதுரா சாலை வழியே ஏறக்குறைய 140 கிலோமீட்டர், இரண்டு நாள். சுமையைக் கேரியரின் மேல் குவிக்காமல் இருபுறமும் தாழத் தொங்கும் பைகளில் சமமாகப் பிரித்தோம். பாரம் தாழ்ந்திருந்தால் வண்டி தள்ளாடாது. இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் பொருள்கள், சில ஆரக்கம்பிகள், செயின் கண்ணி பிரிக்கும் கருவி, பம்பு, ஆளுக்கு இரண்டு துணி, தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும். பரீதாபாத் கடக்கும்வரை புகையும் இரைச்சலும். பல்வல் தாண்டியதும் இருபுறமும் கடுகு வயல் மஞ்சளாகப் பூத்து விரிந்தது. இரவு ஹோடலில் தங்கினோம். தந்தையாரின் வண்டி ஒருமுறைகூட முரண்டு செய்யவில்லை. புதிய டயர் பூட்டிய நண்பரின் வண்டியில்தான் கருவேல முள் ஏறியது!

அச்சாலையின் எண் 44. ஸ்ரீநகரில் தொடங்கி, தில்லி, மதுரா, ஆக்ரா வழியாக இறங்கி, சேலம், மதுரை, திருநெல்வேலி கடந்து கன்னியாகுமரியில் முடியும் நாட்டின் மிக நீண்ட நெடுஞ்சாலை. நாங்கள் மிதித்துக்கொண்டிருந்த அதே தார்ச்சாலையைத் தொடர்ந்து பிடித்தால் சொந்த மண் வரும் என்ற எண்ணம் எழுந்தபோது மூவரும் சற்று நேரம் பேசவில்லை. இரயிலில் எத்தனையோ முறை இரண்டு இரவு உறங்கி ஊர் சேர்ந்திருக்கிறோம். ஊர் எவ்வளவு தொலைவு என்பது முழங்காலுக்குத் தெரிந்தது அன்றுதான்.

பிருந்தாவனத்தில் ரங்கஜி கோயில் என்று வழங்கும் ஆலயம் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மதுரா வணிகக் குடும்பத்தார் எழுப்பியது. வெளிவாயில் இராஜஸ்தானப் பாணியில் அமைந்தது. உள்ளே நுழைந்தால் தென்னாட்டுக் கோபுரம் நிமிர்ந்து நிற்கிறது. கண்ணனின் ஊரில், வில்லிபுத்தூர் ஆண்டாள் ரங்கமன்னாரோடு வீற்றிருக்கிறாள். வடநாட்டு யாத்திரிகர் கூட்டத்தில் வியர்த்த சட்டையோடு நின்று அவளைக் கண்டோம். முன்வாயில் வேறு பாணியில் இருப்பதால் கருவறை மாறிவிடவில்லை. தாயார் கேட்ட கேள்விக்கு எங்களுக்குக் கிடைத்த விடை, கிடைத்தவரையில், இதுதான். மதுரா சந்திப்பில் வண்டிகளைப் பொதியாகப் பதிவு செய்து இரயிலில் திரும்பினோம்.

தில்லித் தமிழர் நாம் ஒவ்வொருவரும் மெல்ல மெல்ல உறுப்புகள் மாற்றப்பட்ட வண்டிகளே. உணவில் சப்பாத்தி சேர்ந்தது. பேச்சில் இந்தி சேர்ந்தது. பிள்ளைகளின் கையெழுத்து தேவநாகரியில் அழகாகவும் தமிழில் கோணலாகவும் இருக்கிறது. எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்ற வழக்கு வீடுதோறும் நடக்கிறது. எதையும் மாற்றேன் என்று வைத்தால் வண்டி பின்கட்டிலேயே துருப்பிடிக்கும். எல்லாவற்றையும் மாற்றுவேன் என்றால் கபாடிக்காரர் வாயிலில் நிற்கிறார். சுழல வேண்டியது சுழல்கிறதா, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறதா, சுமக்க வேண்டியதைச் சுமக்கிறதா என்று மிஸ்திரி பார்த்த வரிசையிலேயே பார்க்கலாம் என்பது எங்கள் பணிவான கருத்து.

இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் பலரின் வீட்டிலும் மாடிப்படியின் கீழ் ஒரு பழைய வண்டி சாய்ந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். முனகினால் கிரீசு கேட்கிறது என்று பொருள். எங்கள் மகளுக்குப் பன்னிரண்டு வயது. இருக்கை எட்டாததால் தாத்தாவின் வண்டியைப் பாருக்கு அடியில் கால்விட்டுக் குரங்குப் பெடல் போட்டு ஓட்டுகிறாள். பாட்டி வாயிலில் நின்று, "பிரேக்கைப் பிடி, பிரேக்கைப் பிடி" என்று கூவுகிறார். வலப்புறத்துப் புதிய பிரேக்கைத்தான் சொல்கிறார்.